சீட் கிடைத்தவள் மடியில் என் பை

1

வெளிநாட்டிலிருந்து யார் எழுதினாலும் முதலில் பனியைப் பற்றித்தான் எழுத வேண்டும் என்று யாரோ சட்டம் போட்டு வைத்திருக்கிறார்கள் போல. நெய்வேலியில் என்னோடு வேலை பார்த்த டீச்சர் ஒருவர் பள்ளிக்கூட ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டிருந்தார். "பனி, ஆப்பிள் மரம் எல்லாம் வரட்டும்" என்று அடிக்கோடு வேறு போட்டிருந்தார். பனியைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. விழும். அள்ளிப் போட வேண்டும். இடுப்பு வலிக்கும். அவ்வளவுதான்.

நான் எழுதப்போவது ஒரு பையைப் பற்றி. போன கோடையில், கனடாவுக்கும் அமெரிக்காவுக்கும் நடுவில் இருக்கிற ஒரு பூங்காவில், அந்தப் பை என் கையை விட்டுப் போனது. என் பாஸ்போர்ட், என் மகள் அனுவின் பாஸ்போர்ட், புதன்கிழமை மெட்ராஸுக்குக் கிளம்ப வேண்டிய விமான டிக்கெட் எல்லாம் அதற்குள்தான் இருந்தன. "பாஸ்போர்ட்டையா தொலைத்தீர்கள்?" என்று இங்கே என்னைக் கேலி செய்யாத ஆள் பாக்கி இல்லை. நான் தொலைக்கவில்லை. கொடுத்தேன். இது நெய்வேலிக்காரர்களாகிய உங்களுக்குத்தான் புரியும் என்பதால் உங்களுக்கு எழுதுகிறேன்.

2

அந்தப் பயணம் ஏன் அவ்வளவு முக்கியம் என்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

என் அப்பா நெய்வேலி நிலக்கரிச் சுரங்கக் கம்பெனியின் தெர்மல் மின் நிலையத்தில் வேலை பார்த்து ரிடையர் ஆனவர். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வேலை கிடைத்து வந்தார். நான் பாவாடை கட்டிய வயசில் கம்பெனி குவார்ட்டர்ஸுக்குள் நுழைந்தோம். அங்கேதான் படித்தேன், அங்கிருந்துதான் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தப் போனேன், அந்த வாசலில்தான் எனக்குக் கல்யாணப் பந்தல் போட்டார்கள். அனு பிறந்ததும் அந்த பிளாக்கில்தான். ஆனால் அது எங்கள் வீடு இல்லை. ரிடையர் ஆனவர், கம்பெனி கொடுத்த கெடுவுக்குள் வீட்டைக் காலி செய்து சாவியை ஒப்படைக்க வேண்டும். அடுத்த மாதமே வேறு யாரோ வந்து, நாம் ஆணி அடித்த அதே இடத்தில் அவர்கள் சாமி படத்தை மாட்டிக்கொள்வார்கள். இங்கே யாராவது "உங்களுக்குச் சொந்த ஊரில் வீடு இருக்கிறதா?" என்று கேட்டால் எனக்குப் பதில் சொல்லத் தெரிவதில்லை. பிளாக் நம்பர் இருக்கிறது. வீடு இல்லை.

அப்பாவுக்குக் கொடுத்த கெடு அந்த மாதத்தோடு முடிகிறது. அப்பாவும் அம்மாவும் தம்பியோடு மதுரைக்குப் போய்விடுவதாக ஏற்பாடு. டிரங்க் கால் போட்டேன். இரைச்சலுக்கு நடுவில் அப்பா கத்தினார்.

"நீ வந்து ஒரு தடவ பாத்துரு, பிறவு சாவியக் கொடுக்கேன். ஆனா கடைசி நாள் தாண்டி என்னால வச்சிருக்க முடியாதுட்டி. ஆள் வந்து நிப்பான்."

"வந்துருதேம்ப்பா" என்றேன். அனுவையும் கூட்டிக்கொண்டு வருவதாகச் சொன்னேன். புதன்கிழமை கிளம்பினால்தான் கணக்கு சரியாக வரும். ஒரு வாரம் தள்ளினால் பூட்டிய கதவைத்தான் பார்க்க முடியும்.

3

கிளம்புவதற்கு முந்தைய வாரம் பூங்கொடியிடமிருந்து போன் வந்தது.

பூங்கொடி நெய்வேலியை ஒட்டிய கம்மாபுரம் பக்கத்துப் பெண். நர்ஸ் வேலைக்குப் படித்து, அமெரிக்காவில் எங்கெங்கோ வேலை பார்த்து, கடைசியில் மேற்குக் கரைக்கு வந்து சேர்ந்திருந்தாள். கனடாவில் நாங்கள் இருக்கிற ஊரிலிருந்து சில மணி நேரக் கார்ப் பயணம்தான். ஆனால் நடுவில் ஒரு நாட்டு எல்லை. எனக்கு அமெரிக்க விசா இல்லை. அவளுக்கோ ராத்திரி டியூட்டி, ஞாயிறு ஒரு நாள்தான் லீவு.

"அக்கா, பாதி தூரம் நான் வரேன், பாதி தூரம் நீங்க வாங்க. எல்லையில ஒரு பார்க் இருக்குதாம். ரெண்டு பக்கத்து ஆளுங்களும் உள்ள வரலாமாம். விசா கிசா ஒண்ணும் கேக்க மாட்டானாம்."

உண்மைதான். பூங்காவின் நடுவில் எல்லைக்கோடு போகிறது. வேலி கிடையாது, புல்தான். யாரும் உள்ளே வரலாம், ஆனால் வந்த பக்கமே திரும்பிப் போய்விட வேண்டும்.

என் வீட்டுக்காரர் எதற்கும் பதறாத மனிதர். ஆனால் கவர்மெண்ட் விஷயம் என்றால் மட்டும் ரொம்ப உஷார். "எல்லைக்குப் போறோம், பேப்பர் எல்லாத்தையும் எடுத்துக்க" என்றார். பாஸ்போர்ட்களை எடுத்துப் பையில் வைத்தேன். டிக்கெட்டையும் போட்டேன். எல்லாம் ஒரே இடத்தில் இருந்தால் தொலையாது பாருங்கள், அந்த புத்திசாலித்தனம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டுத் தமிழ்க் குடும்பமும் எங்களோடு சேர்ந்துகொண்டது. காரைக் கொஞ்சம் தள்ளியே நிறுத்திவிட்டுக் கடலோரமாக நடந்தோம். ஒரு பக்கம் கடல், அலையே இல்லாமல், தட்டில் ஊற்றி வைத்த மாதிரி. தூரத்தில் மலை. வழி நெடுகக் காட்டு ரோஜா. பக்கத்து வீட்டம்மா புளியோதரைப் பாத்திரத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தார். அனு காதில் வாக்மேனை மாட்டிக்கொண்டு முன்னால் போனாள். தமிழில் கேட்டால் இங்கிலீஷில் ஒரு வார்த்தை பதில் வரும், அதுவும் காதிலிருந்து அதைக் கழற்றினால்தான். "வீணாப் போச்சு இந்தப் பிள்ளை" என்று அன்றைக்கும் ஒரு தடவை சொல்லிக்கொண்டேன்.

பூங்காவுக்குள் நுழைந்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நட்ட நடுவில் வெள்ளை வெளேரென்று ஒரு ஆர்ச்! நெய்வேலியில், டவுன்ஷிப் வாசலான ஆர்ச் கேட்டுக்கு உள்ளே வெளியே என்று பேசிப் பேசியே வளர்ந்தவளுக்கு, உலகத்தின் இந்தக் கோடியிலும் ஒரு ஆர்ச்.

4

பூங்கொடி எனக்குத் தோழியானது டவுன்ஷிப் பஸ்ஸில். அவள் பஸ் கிளம்புகிற மந்தாரக்குப்பத்திலேயே ஏறிவிடுவாள், அதனால் அவளுக்கு எப்போதும் சீட் கிடைக்கும். நான் நடுவில் ஏறுகிறவள், எனக்கு எப்போதும் கம்பிதான். ராத்திரி ஷிப்ட் முடிந்தவர்கள், பகல் ஷிப்டுக்குப் போகிறவர்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள் என்று மூச்சு முட்டும். ஏறியதும் முதல் வேலை, பையை யார் மடியிலாவது போடுவது. முன்பின் தெரிந்தவர்களா என்று யார் பார்த்தார்கள்? உட்கார்ந்திருப்பவர் நின்றுகொண்டிருப்பவருடைய சுமையை வாங்கிக்கொள்ள வேண்டும். வாங்காதவரைப் பஸ்ஸே முறைக்கும்.

பூங்கொடி மடியில் பைகள் மோவாய்வரைக்கும் அடுக்கியிருக்கும். கேரியர், குடை, யாரோ வீட்டுக் கோழி முட்டைகூட ஒரு நாள் இருந்தது. ஒவ்வொருவரும் இறங்கியதும் ஜன்னல் வழியாக அவரவர் பையை நீட்டுவாள். ஒரு நாளும் மாற்றிக் கொடுத்ததில்லை. முதலில் என் பைதான் அவளுக்குப் பழகியது. அதற்குப் பிறகுதான் நானும் அவளும் பேசவே ஆரம்பித்தோம்.

5

அன்றைக்கு அவள் எங்களுக்கு முன்பே வந்து, ஆர்ச்சுக்குப் பக்கத்தில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். ராத்திரி டியூட்டி முடித்துவிட்டு நேராக வந்திருக்கிறாள், காலைத் தரையில் ஊன்ற முடியவில்லை.

"அக்கா! குண்டாயிட்டீங்க!" என்று அங்கிருந்தே கத்தினாள்.

"நீ மட்டும் என்ன, அப்படியேவா இருக்கே?" என்று நானும் கத்தினேன். கட்டிக்கொண்டோம், அழுதோம், மூக்கைச் சிந்தினோம். பக்கத்தில் வெள்ளைக்காரக் குடும்பம் ஒன்று மரியாதையாக வேறு பக்கம் திரும்பிக்கொண்டது.

புளியோதரை ஆனது. பேச்சு ஆனது. ஊருக்குப் போகிறேன், அப்பா சாவியை ஒப்படைக்கப் போகிறார் என்று சொல்லும்போதே எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"உங்கப்பா சாவி குடுக்கறாருன்னு அழுவுறீங்க. எங்க வூட்டுக்குப் பூட்டே கிடையாதுக்கா, சாவிக்கு எங்க போறது? ஊரே இப்ப மைன்ஸ் குழிக்குள்ள இருக்குது. எங்கப்பா கான்ட்ராக்ட் வேலைக்குப் போய்கினு இருந்தப்ப, நம்ம கொல்லைய நானே நோண்டிகினு இருக்கேன்னு சிரிப்பாரு."

நிலக்கரி எடுக்க அவர்கள் ஊர் நிலத்தையெல்லாம் கம்பெனி வாங்கிக்கொண்டது. அந்த நிலம் போனதில்தான் எங்களுக்குக் கரண்ட், வேலை, குவார்ட்டர்ஸ், பஸ் எல்லாம் கிடைத்தது. இத்தனை வருஷத்தில் அவள் அதைச் சொல்லிக் காட்டியதே இல்லை. அன்றைக்கும் சொல்லிக் காட்டவில்லை, சும்மாதான் சொன்னாள்.

"போய்ப் பாத்துட்டு வாங்க. நல்லா பாத்துட்டு வாங்க. பாக்கறதுக்கு இருக்கும்போது பாத்துடணும்" என்றாள்.

அப்போது அனு, ஒரு கால் கனடாவிலும் ஒரு கால் அமெரிக்காவிலுமாக நின்று போட்டோ எடுக்க வேண்டும் என்று கூப்பிட்டாள். எல்லாரும் எழுந்தோம். பூங்கொடி மட்டும் எழுந்திருக்கவில்லை. "கால் வுட்டுப் போச்சி. நீங்க போங்க, நான் குந்தியிருக்கேன்" என்றாள். நான் போகிற போக்கில் பையைத் தோளிலிருந்து கழற்றி அவள் மடியில் போட்டேன். அவளும் என்னைப் பார்க்காமலே வாங்கி, தன் பையின் மேல் வைத்துக்கொண்டாள். பக்கத்து வீட்டம்மாவின் பாத்திரக் கூடையும் அங்கேதான் போய்ச் சேர்ந்தது. யாரும் யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை. பேச அதில் என்ன இருக்கிறது?

போட்டோ முடிந்தது. பக்கத்து வீட்டம்மா தன் கூடையைக் கேட்டு வாங்கிக்கொண்டார். மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. மறுபடி அழுகை, மறுபடி கட்டிக்கொள்ளல். "உடம்பப் பாத்துக்கடி." "அம்மாவ விசாரிச்சேன்னு சொல்லுங்கக்கா." அவள் ஆர்ச்சுக்கு அந்தப் பக்கம் போனாள், நாங்கள் இந்தப் பக்கம் வந்தோம். என் தோள் காலியாக இருப்பது எனக்குத் தெரியவே இல்லை. பஸ்ஸில் வளர்ந்த தோள் அது, காலியாக இருந்தே பழக்கம்.

6

வெளியே வரும் பாதையில் ஒரு அதிகாரி நின்றிருந்தார். எல்லாரையும் கேட்கவில்லை, எங்களைக் கேட்டார். பேப்பர் காட்டுங்கள்.

தோளைத் தடவினேன். பை இல்லை. திரும்பி ஓடிப் பார்த்தால் பெஞ்ச் காலி, அந்தப் பக்கத்துக் கார் நிறுத்தமும் காலி. புதன்கிழமை போயிற்று. அப்பா பூட்டிய கதவின் முன்னால் சாவியோடு நிற்கிற மாதிரி கண்ணுக்குள் ஓடியது. சத்தம் போட்டே அழுதுவிட்டேன், அத்தனை பேர் முன்னாலும்.

பக்கத்து வீட்டுக்காரர்கள் பேப்பரைக் காட்டிவிட்டு வெளியே காத்திருந்தார்கள். எங்களை அலுவலக அறையில் உட்கார வைத்தார்கள். அதிகாரி மரியாதையான ஆள்தான். என் இங்கிலீஷ் பாடம் நடத்துகிற இங்கிலீஷ். பயத்தில் அதுவும் காலை வாரிவிட்டது.

"உங்கள் பை எங்கே?"

"என் தோழியிடம்."

"தோழி எங்கே?"

"அமெரிக்காவில்."

"பாஸ்போர்ட் இருந்த பையை ஏன் அவரிடம் கொடுத்தீர்கள்?"

நான் யோசிக்கவே இல்லை. "அவளுக்கு உட்கார இடம் கிடைத்தது" என்றேன்.

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். என் வீட்டுக்காரர் கண்ணை மூடிக்கொண்டார். தோழியின் போன் நம்பரைக் கேட்டார்கள். அது எழுதிய டைரியும் பையில்தான் இருந்தது. சந்தேகம் வந்துவிட்டது அந்த மனிதருக்கு. பாஸ்போர்ட்டை விற்கிறவர்கள் இருக்கிறார்களாம், யார் யாருக்கோ கொடுத்துவிட்டுத் தொலைந்தது என்கிறவர்கள் இருக்கிறார்களாம். விசாரித்து முடித்துப் புதிதாக ஒன்று வாங்க எத்தனை வாரம் ஆகும் என்று அவருக்கே தெரியவில்லை.

அப்போது அனு வாக்மேனைக் கழற்றி மேஜை மேல் வைத்தாள். "நான் சொல்கிறேன்" என்று இங்கிலீஷில் ஆரம்பித்தாள்.

"என் அம்மா ஊரில் கம்பெனி பஸ் உண்டு. ரொம்பக் கூட்டமாக இருக்கும். உட்கார்ந்திருப்பவர்கள் நிற்பவர்களின் பைகளை மடியில் வைத்துக்கொள்வார்கள். தெரிந்தவர்களாக இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. இறங்கும்போது ஜன்னல் வழியாகத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். அந்த ஆன்ட்டிதான் அம்மாவின் பையை எப்போதும் வைத்திருப்பவர். பைகள் அவர் மோவாய்வரைக்கும் இருக்கும். ஒரு தடவை முட்டைகூட வைத்திருந்தார், ஒன்றுகூட உடையவில்லை."

நான் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். முட்டையைப் பற்றி இவளுக்கு எப்படித் தெரியும்? நான்தான் சொல்லியிருப்பேன். சமைக்கும்போது, தலை வாரும்போது, காரில் போகும்போது, கேட்கிறாளா இல்லையா என்று பார்க்காமலே புலம்பிக்கொண்டே இருந்திருக்கிறேன். காதை அடைத்துக்கொண்டிருந்த இந்தப் பிள்ளை அத்தனையையும் உள்ளே வைத்திருந்திருக்கிறாள்.

"யாரும் எடுத்துக்கொண்டு போய்விட மாட்டார்களா?" என்று அதிகாரி கேட்டார்.

அனு என்னைப் பார்த்தாள். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். "எடுத்துக்கொண்டு போக உள்ளே என்ன இருக்கும்? டிபன் பாக்ஸும் சாக்பீஸும்தான்" என்றேன்.

அவர் சிரித்துவிட்டார். "அப்படியானால் கொஞ்சம் காத்திருப்போம்" என்று எழுந்து போய்க் காபி கொண்டுவந்து கொடுத்தார். தண்ணீர் மாதிரி இருந்தது, குடித்தேன்.

7

மழை கொட்டிக்கொண்டிருந்தது. எவ்வளவு நேரம் என்று நான் பார்க்கவில்லை, பார்க்கவும் பயம். அனுதான் ஜன்னலோரம் நின்றுகொண்டிருந்தாள். திடீரென்று "அம்மா!" என்று கத்தினாள்.

அமெரிக்கப் பக்கத்திலிருந்து வந்து சோதனைச் சாவடியில் நிற்கிற கார் வரிசையில், ஒரு காரின் கண்ணாடி இறங்கியிருந்தது. அதிலிருந்து ஒரு கை நீண்டிருந்தது, மழையில் நனைந்துகொண்டு. கையில் என் பை.

அதிகாரி தலையசைத்ததும் ஓடினேன். செருப்பு எங்கே கழன்றது என்று தெரியாது.

"அக்கா! ஸ்டாப்பிங் வந்துடுச்சி, பையப் புடிங்க!"

வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். அப்பாடா என்று அந்த நடுரோட்டில் அப்படியே உட்கார்ந்துவிடலாம் போல இருந்தது. அழுகையும் சிரிப்பும் கோபமும் ஒன்றாக வந்ததில் திட்டத்தான் முடிந்தது. "ஏண்டி, எடுத்துட்டுப் போறமேன்னு தெரிய வேணாம் உனக்கு?"

"நீங்க கேக்கல, நான் குடுக்கல. பெட்ரோல் போடறதுக்கு நிறுத்தனேன். எறங்கறதுக்கு முன்னாடி மடியப் பாக்கறது என் பழக்கமாச்சே. மடியில இல்ல, பக்கத்து சீட்டுல குந்திகினு இருக்குது உங்க பை. அடிச்சிப் புடிச்சித் திரும்பிகினு வரேன்." அவள் முகத்திலும் ரத்தம் இல்லை. "புதன்கிழமை போறீங்க இல்ல? போவீங்க இல்ல?"

"போவேண்டி" என்றேன்.

பின்னால் நின்ற கார்க்காரன் ஹாரன் அடித்தான். இங்கே ஹாரன் அடிப்பது கெட்ட வார்த்தை சொல்வது மாதிரி. எனக்கு அது பஸ் கண்டக்டர் விசில் மாதிரி இருந்தது, அவ்வளவு சந்தோஷம்.

8

போனேன். பார்த்தேன். அப்பா வருத்தத்தில் உடைந்துபோய் இருப்பார் என்று பயந்துகொண்டு போனால், மனுஷன் ஜம்மென்று இருந்தார். அனுவைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போய், அவள் பிறந்த வருஷம் வைத்த மாமரத்தைக் காட்டினார். எந்த அறையில் யார் எங்கே படுத்தோம் என்று நானும் அவளும் சுற்றிச் சுற்றி வந்தோம். கடைசி நாள் காலையில் சாவியைக் கொடுத்துவிட்டு வந்து வேட்டியை உதறிக் கட்டினார்.

"அப்பாடி! இனி குழா ஒழுகுதுன்னு எவங்கிட்டயும் போயி நிக்க வேண்டாம்" என்றார். அம்மாகூடச் சிரித்துவிட்டாள். எனக்கும் மனசு லேசாகிவிட்டது. பார்த்தாகிவிட்டது, போதும்.

சாமான் வேனில் அவர்கள் மதுரைக்குக் கிளம்பினார்கள். நானும் அனுவும் மெட்ராஸ் பஸ்ஸைப் பிடிக்க, பக்கத்து ஊரான வடலூருக்கு பஸ் ஏறினோம். பெட்டியைக் கண்டக்டர் மேலே போட்டுவிட்டார். உள்ளே நிற்க இடமில்லை. தோளில் அதே பை, அதற்குள் அதே பாஸ்போர்ட்கள். இனிமேல் உயிரே போனாலும் அந்தப் பையைக் கழற்றுவதில்லை என்று என் வீட்டுக்காரர் தலையில் அடிக்காத குறையாகச் சத்தியம் வாங்கி அனுப்பியிருந்தார். நான் அதை அக்குளில் இடுக்கிக்கொண்டு, ஒரு கையால் கம்பியைப் பிடித்து, ஆடிக்கொண்டே வந்தேன்.

கீரைக்கூடையைக் காலடியில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த ஒரு அம்மா என்னையே பார்த்துக்கொண்டு வந்தார்.

"ஏம்மா, எதுக்கு அத மாட்டிகினு தொங்கிகினு வர? குடு இப்படி."

"பரவால்லைங்க, வெயிட் இல்ல" என்றேன்.

அவர் முகம் சுருங்கிவிட்டது. என்னையும் பையையும் மாறி மாறிப் பார்த்தார்.

அனு என் தோளிலிருந்து பையை உருவினாள். நான் "ஏய்!" என்பதற்குள் அது அந்த அம்மா மடிக்குப் போய்விட்டது. அந்த அம்மா அதன்மேல் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு வெளியே வேடிக்கை பார்க்க ஆரம்பித்தார்.

"அவங்களுக்குத்தானேம்மா சீட் கிடைச்சிருக்கு" என்றாள் அனு, தமிழில்.

நான் இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.